ஒரே வறட்சி, நான்கு நியாயங்கள்

2024 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரு அல்சூர் ஏரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். ஆழ்துளைக் கிணறு பிப்ரவரியிலேயே காற்றை இழுக்கத் தொடங்கிவிட்டது. காவிரிக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்தது. டேங்கர்காரர் காலையில் ஒரு விலை சொன்னார், மாலையில் வேறு விலை சொன்னார்.

பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற செயலாளர் முதலில் பேசினார். "காலை ஆறு முதல் எட்டு வரை, மாலை ஆறு முதல் எட்டு வரை. மற்ற நேரத்தில் மோட்டார் ஓடாது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியமே சொல்லியிருக்கிறது. அதை நாமும் வைப்போம்."

மூன்றாம் மாடியில் இருக்கும் மென்பொருள் இளைஞருக்கு இது பிடிக்கவில்லை. "வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துவிடுங்கள், சார். எவ்வளவு செலவழிக்கிறோமோ அவ்வளவு காசு. என் குழாயை நான் எப்போது திறக்க வேண்டும் என்று சங்கம் ஏன் சொல்ல வேண்டும்?"

ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் எழுந்தார். "நம் தொட்டி நிறைந்தால் போதுமா? பின்தெருவில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு நிற்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு டேங்கர் விடலாமே."

கூட்டம் முடிந்ததும் காவலாளி அண்ணனிடம் அவர் கருத்தைக் கேட்டேன். தருமபுரிப் பக்கத்துக்காரர். "மழை பெய்தால் பெய்யும், அக்கா. எங்கள் ஊரில் மூன்று முறை கிணறு தோண்டினோம். யார் பேசி என்ன ஆகப்போகிறது?" என்றார்.

நான்கு பேருக்கும் முன்னால் இருந்த செய்தி ஒன்றுதான். நகரத்தில் அரசுக்குச் சொந்தமான சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ பாதி வறண்டுவிட்டதாக அப்போது மாநில அரசே சொல்லியிருந்தது. அதை ஒருவரும் மறுக்கவில்லை. தண்ணீர் இல்லை என்பதில் சண்டையே கிடையாது. இல்லாத தண்ணீரை எப்படிப் பங்கிடுவது நியாயம் என்பதில்தான் சண்டை. சமூக அறிவியல் ஆய்வாளர்கள் 'பண்பாட்டு விழுமியங்கள்' என்று பேசும்போது, அவர்கள் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். விழுமியம் என்பது, எது உயர்ந்தது, எது விட்டுக்கொடுக்கக் கூடாதது என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் அளவுகோல். சுதந்திரம், ஒழுங்கு, சமத்துவம், பெரியவர் சொல் கேட்டல், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் விழுமியங்களே. ஆளுகை என்றால் அரசாங்கம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். யார் முடிவெடுக்கிறார்கள், யார் பணம் கட்டுகிறார்கள், மீறினால் யார் கேட்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஓர் இடத்தில் பதில் இருந்தால் அங்கே ஆளுகை நடக்கிறது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அது நடக்கிறது. 2050க்குள் கரிமச் சமநிலையை, அதாவது வெளியிடும் கரிமம் அகற்றப்படும் கரிமத்துக்கு மேல் போகாத நிலையை, எட்டுவோம் என்று 2023 நவம்பரில் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்ட அன்றைய பெங்களூரு மாநகராட்சியில் நடந்தது. ஐக்கிய நாடுகளின் காலநிலை மாநாட்டு மேடையிலும் அதேதான் நடக்கிறது.

இந்தத் துறையில் நுழைகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் மேரி டக்ளஸ். பிரிட்டிஷ் மானுடவியலாளர், 1921இல் பிறந்து 2007இல் மறைந்தவர். அன்றைய பெல்ஜிய காங்கோவில் லேலே மக்களிடையே களப்பணி செய்தவர். எந்தச் சமூகமும் எல்லா ஆபத்துகளையும் கண்டு ஒரே அளவில் பயப்படுவதில்லை, சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத்தான் பயப்படுகிறது என்பதை அவர் கவனித்தார். எதற்குப் பயப்படுகிறோம் என்பது, நாம் எப்படிக் கூடி வாழ்கிறோம் என்பதோடு பிணைந்திருக்கிறது. இந்தக் கருத்தை 1982இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஆரன் வில்டாவ்ஸ்கியுடன் சேர்ந்து சுற்றுச்சூழல் ஆபத்துகளுக்குப் பொருத்திக் காட்டினார்.

அவருடைய கருவி மிக எளியது, இரண்டே கேள்விகள். ஒன்று: நீங்கள் எந்த அளவுக்கு ஒரு குழுவுக்குள் கட்டுண்டு வாழ்கிறீர்கள்? இரண்டு: உங்கள் வயது, பதவி, சாதி, பால் ஆகியவை நீங்கள் செய்யக்கூடியதை எந்த அளவுக்கு முன்கூட்டியே வகுத்துவிடுகின்றன? இரண்டுக்கும் 'அதிகம்' என்றால் படிநிலைப் பார்வை: பொறுப்பில் இருப்பவர் விதி வகுக்கட்டும், நாம் நடப்போம். இரண்டுக்கும் 'குறைவு' என்றால் தனிமனிதப் பார்வை: சந்தையும் புதுக் கண்டுபிடிப்பும் வழி செய்யும், குறுக்கே வராதீர்கள். குழு இறுக்கமாகவும் மேல்கீழ் இல்லாமலும் இருந்தால் சமத்துவப் பார்வை: எல்லோரும் சமம், பேராசையால் வந்த கேடு இது. குழுவின் துணையும் இல்லாமல், கட்டுப்பாடுகள் மட்டும் தலைமேல் அழுத்தினால், எல்லாம் தலைவிதி என்னும் விதிவசப் பார்வை: நம் கையில் என்ன இருக்கிறது?

எங்கள் கூட்டத்தில் எழுந்த குரல்கள் இப்போது உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும். நான்காவது குரலைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். காவலாளி அண்ணனுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி போடும் வேலை இருந்தது, வாக்கு இல்லை. அவருடைய விரக்திக்கு அவர் வைக்கப்பட்டிருக்கும் இடமே காரணம்.

இயற்கையைப் பற்றிய நம்பிக்கையும் பார்வைக்குப் பார்வை மாறுகிறது. சூழலியலாளர் சி. எஸ். ஹோலிங்கின் சிந்தனையிலிருந்து எடுத்து, மானுடவியலாளர் மைக்கேல் தாம்ப்சனும் வில்டாவ்ஸ்கி முதலானோரும் விரித்த ஓர் அழகான உவமை இருக்கிறது. அதை என் மகளுக்கு விளக்க ஒரு கோலிக்குண்டும் சமையலறையும் போதுமாக இருந்தன.

குழிந்த கிண்ணத்துக்குள் கோலியைப் போட்டேன். எவ்வளவு தட்டினாலும் விளிம்பு வரை ஏறி, சுற்றிச் சுற்றி அடியிலேயே வந்து நின்றது. தனிமனிதப் பார்வைக்கு இயற்கை இப்படிப்பட்டது. எவ்வளவு ஆட்டினாலும் சமநிலைக்குத் திரும்பிவிடும். அதே கிண்ணத்தைக் கவிழ்த்து முதுகின் மேல் கோலியை வைக்கச் சொன்னேன். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். கையை எடுத்ததும் அது உருண்டு அடுப்புக்குக் கீழே போய்விட்டது. சமத்துவப் பார்வையின் இயற்கை அது: சற்றே தொட்டாலும் கவிழும், ஆகவே தொடாதே. அடுத்து, பணியாரச் சட்டியின் குழியில் வைத்தோம். மெல்லத் தட்டினால் குழிக்குள்ளேயே ஆடி நின்றது. கொஞ்சம் பலமாகச் சுண்டினால் விளிம்பைத் தாண்டிச் சட்டிக்கு வெளியே விழுந்தது. இது படிநிலைப் பார்வை. ஓர் எல்லை வரை தாங்கும், அந்த எல்லை எது என்று அறிந்த நிபுணர் வேண்டும். கடைசியாகத் தோசைக்கல். கோலி எந்தப் பக்கம் ஓடும் என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை. விதிவசப் பார்வைக்கு இயற்கை அப்படித்தான்.

இதை ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டால் காலநிலைச் செய்திகளை வேறு விதமாகப் படிப்பீர்கள். 2015 பாரிஸ் ஒப்பந்தம், புவி வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு நன்கு கீழே நிறுத்தவும் 1.5 டிகிரிக்குள் அடக்க முயலவும் சொல்கிறது. அது பணியாரக் குழியின் விளிம்பை அளக்கும் மொழி. 1997 கியோட்டோ ஒப்பந்தம் கொண்டுவந்த கரிம வணிகம், அதாவது உமிழும் உரிமையை விற்று வாங்கும் முறை, கிண்ணத்தை நம்புகிறவர்களின் கருவி. கவிழ்ந்த கிண்ணத்தைப் பார்ப்பவர்கள் தெருவில் பதாகையோடு நிற்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். அறிவியலைச் சரியாகக் கற்றுக்கொடுத்துவிட்டால் இந்தப் பிரிவினைகள் மறைந்துவிடாதா? நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டான் கஹானும் அவருடைய குழுவினரும் டக்ளஸின் அளவுகோல்களை வைத்துச் சுமார் 1,500 அமெரிக்கர்களிடம் ஆய்வு செய்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். அறிவியல் அறிவும் கணக்குத் திறனும் கூடக்கூட மக்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. சமத்துவப் பார்வையினர் இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டார்கள். படிநிலையும் தனிமனிதமும் கலந்த பார்வையினர் இன்னும் குறைவாகக் கவலைப்பட்டார்கள். படித்தவர், தன் கூட்டத்தாரின் நியாயத்தை நிலைநாட்டத் தன் படிப்பையே பயன்படுத்துகிறார். நம் வீட்டுத் திண்ணை விவாதங்களிலும் இதைப் பார்க்கிறோம். அதிகம் படித்தவர்தான் கடைசி வரை விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆனால் அமெரிக்க முடிவை அப்படியே இந்தியாவில் கொண்டுவந்து ஒட்டிவிடக் கூடாது. யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு 2021-22இல் இந்தியாவில் எடுத்த கணக்கெடுப்பில் 54 சதவீதத்தினர், புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அது என்ன என்று சுருக்கமாக விளக்கிய பிறகு கேட்டபோது 84 சதவீதத்தினர் 'ஆம், நடக்கிறது' என்றார்கள். அங்கே பெயர் எல்லோருக்கும் தெரியும், நம்புவதில் பிளவு. இங்கே பெயர் பலருக்குத் தெரியாது, ஆனால் கோடையும் மழையும் மாறிவிட்டதை உடம்பால் அறிந்திருக்கிறார்கள். 'காலநிலை மாற்றம்' என்று சொன்னால் விழிக்கும் மூதாட்டி, 'ஆடியில் விதைக்க முடியவில்லையே' என்றால் அரைமணி நேரம் பேசுவார்.

சொல்லுக்குள் விழுமியம் ஒளிந்திருக்கும் விதத்துக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கங்கைக் கரையில் இருக்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் கெல்லி ஆலி காசியில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார். கழிவுநீர் கலக்கும் படித்துறையில் நின்றுகொண்டே 'கங்கை தூய்மையானவள்' என்று மக்கள் சொல்வதை அறியாமை என்று அவர் ஒதுக்கவில்லை. நீரில் அழுக்கு இருப்பதை அவர்களும் பார்க்கிறார்கள். அழுக்கு வேறு, புனிதம் கெடுவது வேறு என்பதுதான் அவர்கள் கணக்கு. தாயின் சேலையில் சேறு படலாம், அதனால் அவள் தாய்மை கெட்டுவிடுமா? 'ஆறு மாசடைந்துவிட்டது' என்று அதிகாரி சொல்லும்போது, 'ஆறு புனிதம் இழந்துவிட்டது' என்று பக்தர் காதில் விழுகிறது. உடனே மறுக்கிறார். இருவரும் வெவ்வேறு பொருளைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் நமக்கு அழுக்கு, தீட்டு என்று இரு சொற்கள் இருப்பதால் இது சட்டென்று புரியும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நல்ல காட்சி எங்கள் அல்சூர் ஏரிக்கரையிலேயே உண்டு. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிறகு சிலைகளைக் கரைக்க ஏரியை ஒட்டியே தனியாகக் 'கல்யாணி' ஏற்பாடு செய்கிறார்கள். கோயில் குளத்துக்குக் கன்னடத்தில் வழங்கும் பெயர் அது. சிமெண்ட் தொட்டி என்று பெயர் வைத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்திருக்கும் என்று நான் ஒவ்வோர் ஆண்டும் யோசிக்கிறேன். சடங்கை யாரும் தடுக்கவில்லை. ஏரியின் சுமை கொஞ்சம் குறைகிறது. பெயரை வைத்தவர் ஆய்வு எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை, மக்களை அறிந்திருக்கிறார்.

இனி ஓர் எச்சரிக்கை. பண்பாடு என்ற சொல்லைக் கேட்டதும், 'நம் முன்னோர் இயற்கையை வணங்கினார்கள், ஏரிகளைக் காத்தார்கள்' என்று நெஞ்சு நிமிர்கிறோம். பாதி உண்மை. பெங்களூரு தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் இன்றும் நிற்கும் தமிழ்க் கல்வெட்டுகளில் விண்ணமங்கலம் ஏரியைச் சார்ந்த நிலக்கொடை பேசப்படுகிறது. இந்த ஊரில் ஏரியும் தமிழும் எவ்வளவு பழையவை என்பதற்கு அதுவே சாட்சி. குடிமராமத்து என்ற சொல் தமிழர் எல்லோருக்கும் தெரியும். ஊரே கூடிக் கரை உயர்த்தி, வாய்க்கால் தூர்வாரும் முறை. ஆனால் ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் விரிவாக எழுதிய மானுடவியலாளர் டேவிட் மாஸ், அந்த ஏற்பாட்டுக்குள் சாதியும் அதிகாரமும் எவ்வளவு ஆழமாக ஓடின என்று காட்டினார். கோயில் விழாவில் முதல் மரியாதை பெற்றவர் ஒருவர். இரவில் மடையைத் திறந்து மூடி, சேற்றில் நின்று வயலுக்கு வயல் நீர் பாய்ச்சியவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். பழைய முறையை மீட்போம் என்று சொல்லும்போது, சேற்றில் யார் நிற்பார் என்றும் கேட்க வேண்டும். கேட்காமல் எழுதப்படும் திட்டங்களை நான் நம்புவதில்லை.

பண்பாடு ரத்தத்தில் ஓடுவதும் இல்லை. ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் ஆந்திரக் கால்வாய்ப் பாசன ஊர்களை ஒப்பிட்டு 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே மொழி, ஒரே சாதிக் கலவை, ஒரே தெய்வங்கள். அப்படியிருந்தும் சில ஊர்களில் பொது நிதி, நீர்ப் பங்கீட்டுக்கு ஆள், வயல் காவலுக்கு ஆள் என்று கூட்டு ஏற்பாடு இருந்தது. சில ஊர்களில் ஒன்றுமே இல்லை. கூட்டு ஏற்பாடு பெரும்பாலும் இருந்தது கால்வாயின் கடைமடையில், தண்ணீர் வந்து சேருமா என்ற பயம் இருந்த ஊர்களில். தலைமடையில் அந்தக் கவலை இல்லை. எந்தச் சூழலில் நிற்கிறோமோ அதற்கேற்ற நியாயம் நமக்குள் வளர்கிறது.

எனக்குள்ளேயே அதை அறிந்தேன். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டிய நீரை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டிஎம்சியில் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. அன்று இரவு திருவையாற்றிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "உன் குழாயில் வருவது என் குறுவை, அம்மா" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் பேசியது வழிவழியாக வந்த உரிமை. தீர்ப்பு பேசியது குடிநீரே முதல் தேவை என்ற நியாயம். இரண்டும் பொய்யில்லை. நான் தஞ்சையில் நின்றால் ஒன்றும் அல்சூரில் நின்றால் இன்னொன்றும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

உலக அளவில் நடக்கும் பேச்சுவார்த்தையும் இதே தலைமடை, கடைமடை வழக்குதான். 1991இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஏழை விவசாயியின் நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனும், பணக்கார நாட்டின் கார் கக்கும் புகையும் ஒரே கணக்கில் வருமா? முன்னது பிழைப்புக்கான உமிழ்வு, பின்னது ஆடம்பரத்துக்கான உமிழ்வு என்றார்கள். அடுத்த ஆண்டு கையெழுத்தான ஐநா காலநிலை உடன்படிக்கையில் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்ற கொள்கை இடம்பெற்றது. வாயு மூலக்கூறுக்கு ஏழை பணக்காரன் தெரியாது. அந்த வேறுபாட்டை வைப்பது மனிதரின் நியாய உணர்வு.

இத்தனை பார்வைகளையும் வைத்துக்கொண்டு எப்படித்தான் ஆள்வது? தாம்ப்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தரும் பதிலை நான் 'செப்பமில்லாத் தீர்வு' என்று சொல்வேன். ஒரே பார்வையிலிருந்து பிறந்த திட்டம் பார்க்க அழகாக இருக்கும். மற்ற மூன்று பார்வையினரும் அதைக் கவிழ்த்துவிடுவார்கள். ஒவ்வொரு குரலிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஒட்டுப்போட்ட திட்டம் யாருக்கும் முழுத் திருப்தி தராது, ஆனால் நிற்கும். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்ணான எலினார் ஆஸ்ட்ரம் வேறு பாதையில் வந்து இதன் அருகே நின்றார். காலநிலைக்கு ஒற்றை உலக ஒப்பந்தத்தை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்; குடியிருப்பு, நகரம், மாநிலம் என்று பல மையங்களில் ஒரே நேரத்தில் முயலட்டும், ஒன்றைப் பார்த்து இன்னொன்று கற்கட்டும் என்றார்.

பெங்களூரு 2024இல் செய்ததைப் பாருங்கள். கார் கழுவத் தடையும் அபராதமும் படிநிலை மொழி. டேங்கரைத் தனியார் ஓட்ட விட்டு, விலைக்கு மட்டும் வரம்பு வைத்தது சந்தைக்கும் விதிக்கும் நடுவில் ஒரு சமரசம். அக்டோபரில் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டம், நாளுக்கு 77.5 கோடி லிட்டர் நீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றி, நகரோடு இணைந்த 110 கிராமப் பகுதிகளுக்குக் கொண்டுவருவதற்கானது. அரசால் மட்டுமே செய்யக்கூடிய பெரும் பொறியியல் வேலை. மழைநீர் சேகரிப்பு 2009 முதலே இங்கே சட்டக் கட்டாயம். அதை முழு மனத்தோடு செய்தவர்களை எண்ணிவிடலாம். ஏன் குறைவு என்று கேட்டால், அந்தச் சட்டம் ஒரே குரலில், அபராதக் குரலில் மட்டும் பேசியது என்பேன்.

எங்கள் கூட்டம் மூன்று ஞாயிறுகள் நீண்டது. வீட்டுக்கு வீடு மீட்டர் வந்தது. முதல் மாதக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அதிகம் முணுமுணுத்தது மீட்டர் கேட்ட இளைஞர்தான். ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் செயலாளரின் நேரக் கட்டுப்பாடு ஏற்கப்பட்டது. மழைநீர்க் குழி எங்கே தோண்டுவது என்று ஒப்பந்தக்காரர் ஓர் இடம் காட்டினார். காவலாளி அண்ணன் வேறு இடம் காட்டினார்: ஜெனரேட்டருக்குப் பின்புறம், பெருமழையில் முழங்கால் அளவு நீர் நிற்கும் மூலை. எட்டு ஆண்டுகளாக இரவில் அங்கே நீரை வாரிக் கொட்டுகிறவர் அவர்தான். குழி அங்கேயே தோண்டப்பட்டது. ஆனால் சங்கக் கூட்டத்தில் அவருக்கு இன்னும் வாக்கு இல்லை.

பின்தெருவுக்கு ஒரு டேங்கர் என்ற ஆசிரியையின் கோரிக்கை பதினொன்றுக்கு ஒன்பது என்று தோற்றது. ஒவ்வொரு மார்ச் மாதமும் அவர் அதைக் கைப்பட எழுதி நிகழ்ச்சி நிரலில் சேர்க்கிறார். இந்த முறை அதன் கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.